தாய்மாமன் மடியில் ஓர் உல்லன் உருண்டை

தொப்பியைப் பற்றி என் அளவுக்குத் தெளிவாகச் சிந்தித்த மனிதன் சங்கரன்கோவில் வட்டாரத்தில் இதுவரை பிறக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். வெயில் அடிக்கும் ஊரில் துணித் தொப்பிக்கு ஒரு நியாயம் உண்டு. உல்லன் தொப்பி சமூகக் குற்றம். அதையும் மீசை வைத்த ஓர் ஆண்பிள்ளை கடையில் உட்கார்ந்து கையால் பின்னி, சொந்தக்காரர்களுக்குப் பரிசாகக் கொடுப்பான் என்றால் சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவே வேண்டும். அந்தப் பின்னல் ஊசி என் கையில் ஒருநாளும் ஏறாது என்று கல்லூரி கேன்டீனில் பலர் முன்னிலையில் அறிவித்திருக்கிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அறிவிப்பது என் கடமை.

குற்றவாளி வெளியாள் இல்லை. என் அக்கா பிரேமலதாவின் கணவர் இசக்கித்துரை அத்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் கோத்தகிரியில் தன் சித்தப்பாவின் மளிகைக் கடையில் நின்றவர். அங்கே குளிர். குளிரில் மனிதர்கள் தொப்பி போடுவார்கள், சிலர் பின்னவும் செய்வார்கள். அது அவர்கள் பாடு. மலையிலிருந்து ஊர் திரும்புகிறவன் வர்க்கியும் தைலமும் வாங்கி வருவான். இவர் முனையில் கொக்கி வைத்த குரோஷா பின்னல் ஊசியோடு வந்து இறங்கினார். இப்போது ராஜபாளையம் சாலையில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் மெஷின் சூடாகி நிற்கும் இடைவெளியில் பின்னுவார். அடிக்கடி சூடாகும் மெஷினாகப் பார்த்து வாங்கினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எங்கள் அப்பாவுக்குக் காதை மூடும் தொப்பி ஒன்று வந்தது. அப்பா அதைப் போட்டுக்கொண்டே குருவிகுளம் பக்கத்தில் இருக்கும் எங்கள் உளுந்துக் காட்டுக்குப் போய்வருகிறார். அவர் எதையும் மறுத்துப் பழக்கமில்லாதவர், அம்மாவைக் கட்டிக்கொண்டது உட்பட. அம்மாவுக்கு வந்தது ஊதா நிறம், உச்சியில் குஞ்சம் வைத்தது. அம்மா அதை மிக்ஸிக்குப் போட்டுவிட்டாள். எங்கள் தெருவிலேயே குளிருக்குப் பாதுகாப்பான நிலையில் இருப்பது இப்போது அந்த மிக்ஸிதான்.

என் பிறந்தநாளுக்குப் பச்சைத் தொப்பி.

"மாப்ள, பிடிச்சிருக்கா?"

"இத எந்த மாசம் போடணும் அத்தான்?"

"எப்பவும் போடலாம் மாப்ள."

"சித்திரையில போட்டா மூளை வெந்துராதா?"

"ஒங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம் மாப்ள" என்றார்.

அத்தான் கேலி பேசுகிறாரா, உண்மையைச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனக்கும் அவருக்கும் உள்ள ஒரே ஒற்றுமை அது. அதற்கும் மேல் ஒரு தத்துவம் வேறு சொல்வார்: "கடையில வாங்குனா துட்டுதான் போவும். கையில செஞ்சா நம்ம நேரம் போவுது. ஒருத்தருக்கு நேரத்தத்தான மாப்ள குடுக்க முடியும்?" ஆட்டோவின் பின்புறத்தில் எழுதியிருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

ஆகவே சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அத்தான் பின்னுவதை நடித்துக் காட்டுவது என் வழக்கமாயிற்று. கண்ணாடி மூக்கு நுனிக்கு வர வேண்டும். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்க வேண்டும். கையில் ஈர்க்குச்சியும் சணல் கயிறும். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அத்தானும் சிரிப்பார், சிரித்துவிட்டு, "நூலு ஆள்காட்டி விரல் மேல வரணும் மாப்ள. கொக்கிய உள்ள விட்டு, நூலப் பிடிச்சு, வெளிய இழுக்கணும்" என்று திருத்துவார். ஒருவனைக் கிண்டல் செய்யும்போது அவனே வந்து பிழை திருத்தினால் கிண்டலுக்கு என்ன மரியாதை இருக்கிறது? ஆனாலும் திருத்திக்கொண்டேன். நடிப்பில் துல்லியம் முக்கியம்.

அப்போதுதான் அக்கா மகன் அதியனுக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தார்கள்.

மொட்டைக்கும் காதுகுத்துக்கும் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். கலெக்டரே வந்தாலும் அந்த இடம் அவருக்குக் கிடையாது. அக்காவுக்கு நான் ஒரே தம்பி. அதியனுக்கு நான் ஒரே சொந்தத் தாய்மாமன். உலகத்தில் படிக்காமல், பரீட்சை எழுதாமல், யாரிடமும் கேட்காமல் எனக்குக் கிடைத்த பதவி அது ஒன்றுதான். மற்ற எதையும் கிண்டல் செய்வேன். அந்த மடியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சிக்கல் என்னவென்றால் அதியனுக்கு என்னைக் கண்டால் ஆகாது. பால்காரரைப் பார்த்துச் சிரிப்பான். கரண்ட் கணக்கெடுக்க வருகிறவரிடம் தாவுவான். தெருநாயைக் கொஞ்சுவான். என்னைக் கண்டதும் வீறிட்டு அலறுவான். கீ கீ என்று கத்தும் ரப்பர் வாத்து வாங்கிக் கொடுத்தேன். எருமை மாதிரி கத்திக் காட்டினேன். பிஸ்கட்டை நீட்டினேன்; வாங்கிக்கொண்டான், வாங்கி என் முகத்தில் எறிந்தான். அவன் அசையாமல் இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. அத்தான் பின்னும்போது அவர் மடியில் உட்கார்ந்து, குனிந்து, கொக்கி உள்ளே போய் வெளியே வருவதையே வாயைப் பிளந்து பார்ப்பான். ரசனைக் குறைவு தகப்பன் வழியில் இறங்கியிருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா செருப்பைத் தேடினாள்.

செய்தி திருவேங்கடம் வரைக்கும் போய்விட்டது. அங்கே உரக்கடை வைத்திருக்கும் என் பெரியம்மா மகன் பெருமாள்சாமி அண்ணன் அம்மாவுக்குப் போன் போட்டான். "சித்தி, பிள்ள அவன்ட்ட இருக்க மாட்டேங்கானாமே? நானும் மாமன் மொறதான. நான் வேணா மடியில வெச்சுக்கிடுதேன். கவலப்படாதிய."

அம்மா போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"ஏலே, ஒத்தத் தம்பி நீ இருக்கையில பிள்ளய இன்னொருத்தன் மடியில வெச்சா, மாப்ள வீட்டு ஆளுக முன்னால என் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?"

"மிக்ஸி பக்கத்துல வைங்க. அங்கனதான் தொப்பி இருக்கு."

"கோட்டிக்காரப் பய! வாயி மட்டும்தான் வளந்திருக்கு. அந்தப் பிள்ள ஒன்ட்ட வரலன்னா நான் பெருமாளத்தான் உக்கார வைப்பேன், பாத்துக்கோ."

அம்மா சொன்னால் செய்வாள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை எந்தக் கேன்டீனிலும் நான் அறிவிக்கவில்லை.

அத்தான் வீட்டுக் குலதெய்வமான சாஸ்தா கோயில் ஊருக்கு வெளியே, குருவிகுளம் சாலையில் இருந்து உள்ளே போக வேண்டும். சுற்றிலும் சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசல். கோயிலுக்கு முன்னால் ஒரு வேப்பமரம். குறித்த நாளன்று அதன் அடியில் பாய் விரித்து, தண்ணீர்ச் செம்பும் புதுப் பிளேடுமாக முடி இறக்கும் முருகையா அண்ணாச்சி காத்திருந்தார். பாய்க்குப் பக்கத்திலேயே பெருமாள்சாமி அண்ணன் பட்டு வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். யாரும் சொல்லாமலே மடியைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான்.

நான் பாயில் உட்கார்ந்தேன். அக்கா அதியனை என் மடியில் வைத்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான், ஆள் யாரென்று உறுதி செய்துகொண்டான், தொடங்கினான். வேப்பமரத்துக் காக்கைகள் பறந்துபோயின. ரப்பர் வாத்தை அமுக்கினேன். வாத்தின் சத்தம் எனக்கே கேட்கவில்லை. போனில் கார்ட்டூன் போட்டுக் காட்டினேன். அழுகை நின்றது. ஆனால் தலை அண்ணாந்துவிட்டது.

"தம்பி, பிள்ள வானத்தப் பாத்தா நான் எங்கன கத்தி வைக்க?" என்றார் அண்ணாச்சி. "தல குனியணும். அசையவும் கூடாது."

போனை மடிக்கு இறக்கினேன். இலை இடுக்கில் விழுந்த வெயில் பட்டுத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் அலறல்.

அத்தான் எதிரே வந்து உட்கார்ந்து பையிலிருந்து உல்லனையும் ஊசியையும் எடுத்துப் பின்னத் தொடங்கினார். நல்ல யோசனைதான். ஆனால் அதியன் பார்த்தது ஊசியை இல்லை, அப்பனை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தான். நான் காலைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

"நீங்க முன்னால நிக்காதிய, மரத்துக்கு அங்கிட்டுப் போங்க" என்று அக்கா அவரை விரட்டினாள். உல்லனையும் ஊசியையும் கீழே வைத்துவிட்டு அத்தான் மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

"ஏலே சங்கரு" என்றான் பெருமாள்சாமி அண்ணன். "நல்ல நேரம் போவுதுலா. இங்கன குடு. மடின்னா ஒரு அகலம் வேண்டாமா? ஒனக்கு ரெண்டு கம்பு முளைச்ச மாரில்லா இருக்கு."

"ஆராவது ஒரு மாமன் வைங்க தாயி, பிள்ள கத்திச் சாவுதுல்லா" என்றாள் அத்தானின் அம்மா.

அம்மாவின் கை அதியனைத் தூக்குவதற்கு நீண்டது. முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

அந்தக் கைக்கு முன்னால் அக்காவின் கை வந்தது. உல்லன் உருண்டையையும் ஊசியையும் எடுத்து என் முழங்காலில் வைத்தாள்.

"வீட்ல நடிச்சுக் காட்டுவேல்லா? இப்ப நடி."

"ஏக்கா, எல்லாரும் பாக்காவக்கா."

"பாக்கட்டும். இல்ல, அண்ணன்ட்ட குடுத்துட்டு எந்திரி."

பிள்ளையைச் சுற்றி இரண்டு கையையும் கொண்டுவந்து, அவன் வயிற்றுக்கு முன்னால் ஊசியைப் பிடித்தேன். ஒரு முடிச்சுப் போட்டேன். நூலை ஆள்காட்டி விரல் மேல் ஏற்றினேன். கொக்கியை உள்ளே விட்டேன், நூலைப் பிடித்தேன், இழுத்தேன். நழுவிவிட்டது. மறுபடியும் விட்டேன். ஒரு கண்ணி வந்தது. அதற்குள் இன்னொன்று.

அலறல் விக்கலாகியது. விக்கல் நின்றது. அதியன் கழுத்தை வளைத்து என் விரல்களைப் பார்த்தான். அவன் தலை தானாகக் குனிந்தது, முருகையா அண்ணாச்சி அளந்து கேட்டதுபோல.

"அப்பிடியே இரிங்க தம்பி. நிறுத்திராதிய." அண்ணாச்சி தண்ணீர் தொட்டுத் தடவினார். பிளேடு பிடரியில் இறங்கியது. ஈரமுடி கற்றையாக என் கையிலும் உல்லன் மேலும் விழுந்தது.

பெருமாள்சாமி அண்ணன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

"காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுக்காவளா மக்கா? அடுத்த வருசம் எனக்கு ஒரு பாவாட பின்னிக் குடு என்னா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தானின் அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. என்னிடம் பதில் இருந்தது. அவனுடைய உரக்கடையைப் பற்றி, அவனுடைய வயிற்றைப் பற்றி, மடியின் அகலம் எங்கே முடிந்து வயிறு எங்கே தொடங்குகிறது என்பதைப் பற்றி நல்ல நல்ல பதில்கள் வரிசையாக வந்து பல்லுக்குப் பின்னால் நின்றன. ஆனால் நான் பேசினால் கை தடுமாறும். கை தடுமாறினால் தலை நிமிரும். பிளேடு அப்போது காதோரம் இருந்தது.

வாயை மூடிக்கொண்டேன். கொக்கியை உள்ளே விட்டேன், நூலை இழுத்தேன்.

"மாப்ள, நூல இறுக்காதிய" என்று மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நூலைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

மொட்டை முடிந்தது. சந்தனம் தடவினார்கள். ஆசாரி வந்து காது குத்தினார். அதற்கு அதியன் முறையாக அழுதான், என் சட்டையைப் பிடித்துக்கொண்டே அழுதான். அம்மா இப்போது பெருமாள்சாமி அண்ணனின் நேர் எதிரே வந்து நின்றுகொண்டாள். "மாமன்னா மாமன்தான்" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

அத்தான் மரத்தைச் சுற்றி வந்தார். கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு தொப்பி. இந்த நாளுக்கென்றே பருத்தி நூலில் பின்னியது, வேர்க்காது என்று எல்லோருக்கும் விளக்கிவிட்டு, சந்தனம் காய்ந்த தலையில் மாட்டினார். தொப்பி நெற்றியைத் தாண்டியது, கண்ணைத் தாண்டியது, மூக்கு தடுத்ததால் நின்றது.

அத்தான் தொப்பியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"முடியோட அளந்துட்டேன்" என்றார் மெதுவாக.

தலைமுடி அவ்வளவு அடர்த்தி. சொந்தத்தில் ஒரு தலை பாக்கியில்லாமல் அளந்த மனிதர், மொட்டைக்குத் தொப்பி பின்னும்போது முடி இருக்காது என்பதை மறந்துவிட்டார். இப்படியொரு வாய்ப்பு வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அத்தானும் பார்த்தார், வாங்கிக்கொள்ளத் தயாராக.

"ஓரத்துல நூல் கோத்துச் சுருக்கிரலாம் அத்தான்" என்றேன்.

"சுருக்குனா கொசுவம் விழும் மாப்ள."

"அப்பம் வேற பின்னிக்கிடலாம்."

பொங்கல் இறக்கியாயிற்று, இலை போடுகிறோம் என்று அப்பா கூப்பிட்டார். எல்லோரும் எழுந்து போனார்கள். அழுது களைத்த அதியன் என் மடியிலேயே தூங்கிவிட்டான், ஒரு கையில் உல்லன் நூலைப் பிடித்தபடி. பிடுங்கினால் விழித்துக்கொள்வான். ஆகவே நான் போகவில்லை.

நான் பின்னிய சங்கிலி பாயைத் தாண்டி நீண்டு கிடந்தது. ஒட்டியிருந்த முடியை ஊதிவிட்டேன். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. சங்கிலியை வளைத்து மொட்டைத் தலையைச் சுற்றி வைத்துப் பார்த்தேன். மிகப் பெரிதாக இருந்தது. அதிகப்படிக் கண்ணிகளைப் பிரித்தேன், மறுபடியும் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. முதல் கண்ணிக்குள் கொக்கியை விட்டு இரண்டு முனையையும் சேர்த்து, தொப்பியின் இரண்டாவது சுற்றைத் தொடங்கினேன்.