ஜெபத்தில் சொன்ன விலாசம்

டயர்காரன் லாண்டரிக்குள் நுழைந்தபோது நானும் அல்லேலூயா அக்காவும் ஒரு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தோம். அவன் யாரையும் பார்க்கவில்லை. நேராக இஸ்திரி மேசைக்குப் போய், அங்கே எங்களோடு வேலை பார்க்கும் தன் மனைவியின் முடியைப் பிடித்து இழுத்து, அவள் உள்ளங்கையைச் சூடான இஸ்திரிப் பெட்டியில் வைத்து அழுத்தினான். தோல் பொசுங்கிய நாற்றம் நீராவியோடு சேர்ந்து கூடம் முழுக்கப் பரவியது. ஆண்கள் சேர்ந்து அவனைப் பிய்த்தெடுத்து வெளியே தள்ளினார்கள்.

"மறுபடி வீட்டை விட்டு ஓடிப் பாரு. எங்க இருந்தாலும் வந்து கொல்லுவேன்" என்று வாசலில் நின்று கத்தினான்.

அது வாய்ச்சவடால் இல்லை. அவன் கண்ணைப் பார்த்த எனக்குத் தெரியும்.

அன்றைக்கே அக்கா அந்தப் பெண்ணைத் தன் வீட்டு மாடி அறைக்குக் கூட்டிப் போய்விட்டாள். அக்கா விதவை, ரொட்டிக்கடைக்குப் பின்னால் தனி வீடு. விஷயம் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். "மூச்சு விடக் கூடாது" என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினேன். அவளிடம் வாங்காமல் வேறு யாரிடம் வாங்குவது? அவள் வாய் அப்படி.

அல்லேலூயா அக்கா என்பது லாண்டரியில் நாங்கள் வைத்த பெயர். அவள் ஆண்டவரைப் பற்றிச் சொல்லாத ஆள் இல்லை. காவல்காரர், காய்கறிக்காரி, பஸ் கண்டக்டர், கடன் கேட்டு வந்தவன், எல்லாரும் கேட்டாயிற்று. என் நிலைமை இன்னும் மோசம். பெரிய விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. அந்த முனையில் அவள், இந்த முனையில் நான். ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு பேரும் நெருங்கி வர வேண்டும். நெருங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வசனம் விழும்.

ஜெபம் பண்ணினாலும் அக்காவுக்கு அரைகுறை கிடையாது. யாருக்கு, என்ன வியாதி, எந்தத் தெரு, எல்லாம் சத்தமாகச் சொல்லித்தான் வேண்டுவாள். என் புருஷனுக்கு மூலம் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது அப்படித்தான். அந்த மனுஷன் ஒரு மாதம் வெளியே தலைகாட்டவில்லை.

"ஏன்க்கா, உங்க ஆண்டவருக்கு விலாசம் சொன்னாதான் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியும் தங்கச்சி. நான் சொல்றதைக் கேக்குறது அவருக்குப் பிரியம்" என்று சிரித்தாள்.

இதே சிரிப்போடு அவள் டயர் கடைக்கே போய் நின்றாள். அவனுக்கும் ஆண்டவரைச் சொல்ல வேண்டுமாம். முதல் நாள் பஞ்சர் பார்க்க டியூப் முக்கும் அழுக்குத் தண்ணீரை அவள் மேல் கொட்டினான். அடுத்த முறை அறைந்தான். விரல் பதிந்த கன்னத்தோடு வந்து விரிப்பின் முனையைப் பிடித்தாள்.

"உங்களுக்கென்ன பைத்தியமா?"

"இன்னொரு கன்னம் இருக்கே."

"தேள் கொட்டும்னு தெரிஞ்சே கைய விடுவீங்களா? அவன் திருந்த மாட்டான்க்கா."

"அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதான். அவன் மாறினாதான் அந்தப் பொண்ணு பயமில்லாம தூங்க முடியும். வேற வழி இருந்தா நீ சொல்லு."

விரிப்பின் என் முனையை வெடுக்கென்று இழுத்தேன். எரிச்சல்தான் வந்தது.

மூன்றாம் முறை போனபோது அவன் அழுதானாம். அவள் கொடுத்த சின்னப் புதிய ஏற்பாட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டானாம். ஜெபக்கூட்டத்துக்கு வரச் சொன்னாளாம். அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

வாரங்கள் போயின. அவன் வரவில்லை. அக்கா நச்சரித்து நச்சரித்து என்னைத்தான் இழுத்துக்கொண்டு போனாள். தையல்காரர் வீட்டு முன்னறையில் மாலை நேரத்தில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. பழக்கமில்லாத இடத்தில் எனக்குக் கண் மூடாது.

அதனால் நான் மட்டும்தான் பார்த்தேன். டயர்காரன் செருப்பைக் கழற்றிவிட்டு, நல்ல பிள்ளையாகக் கதவோரம் வந்து நின்றான். கையில் அந்தச் சின்னப் புத்தகம். நான் ஒரு கணம் ஏமாந்துபோனேன். அக்கா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அதே கணத்தில் அக்கா வாயைத் திறந்தாள்.

"ஆண்டவரே, ரொட்டிக்கடைக்குப் பின்னால, என் வீட்டு மாடி ரூம்ல ஒளிஞ்சிருக்கிற அந்த மகளை மறைச்சுக் காத்துக்குங்க. தனியா இருக்கா. அவ புருஷன் கண்ணுல படாம பாத்துக்குங்க..."

டயர்காரன் புத்தகத்தை மெதுவாக ஜன்னல் திண்டில் வைத்தான். செருப்பைக்கூட மாட்டவில்லை. போய்விட்டான்.

"அக்கா!" என்று அலறினேன். அலறலைக் கேட்டுக் கூட்டத்தார் என் மேல் பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்தார்கள். கண்ணைத் திறக்காமலே "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று என்னைவிடச் சத்தம் போட்டார்கள். நான் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "வந்திருந்தான்க்கா. எல்லாத்தையும் கேட்டுட்டுப் போறான். விலாசத்தை நீங்களே குடுத்துட்டீங்க."

அவள் முகம் செத்துப்போனது. அந்த வயதில் அவள் அப்படி ஓடுவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

நாங்கள் போனபோது மாடிக் கதவு பிளந்து கிடந்தது. டயர் கழற்றும் நெம்புகம்பி அவன் கையில். அந்தப் பெண் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், நெற்றி கிழிந்து, வெந்த கையால் தலையை மறைத்துக்கொண்டு கிடந்தாள். அவன் கம்பியை ஓங்கினான். அக்கா குறுக்கே பாய்ந்தாள். கம்பி அவள் தாடையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. அவளும் விழுந்தாள்.

நான் கட்டில் விரிப்பை உருவினேன். ஒரு முனையை அந்தப் பெண்ணிடம் வீசினேன். எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, லாண்டரிக்காரிக்கு விரிப்பு கைக்கு வந்தால் என்ன செய்வதென்று தெரியும். அவன் தலைக்கு மேல் போட்டு இழுத்தோம். எதிரெதிரே சுற்றி வந்தோம், இறுக்கினோம், முறுக்கினோம். அவன் உள்ளிருந்து உதைத்தான். என் விலாவில் ஒரு உதை சரியாக விழுந்தது. நான் விடவில்லை. அவன் சாய்ந்ததும் அவன் காலில் உட்கார்ந்துகொண்டேன். கம்பி உருண்டு போனது.

அந்தப் பெண் அதை எடுத்தாள்.

"அடி" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். "மண்டையில போடு."

அவள் இரண்டு கையாலும் ஓங்கினாள். விரிப்புக்குள் அவன் தலை தேங்காய்போலத் தெரிந்தது. அப்போது அக்கா ரத்தம் ஒழுகத் தவழ்ந்து வந்து, அவன் தலைமேல் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"நகருங்கக்கா!" என்று கத்தினேன். நகரவில்லை. பேசவும் முடியவில்லை. வாழ்நாளெல்லாம் பேசிய வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது. கண் மட்டும் அந்தப் பெண்ணைப் பார்த்தது. விரிப்புக்குள் டயர்காரன் உதைப்பதை நிறுத்தியிருந்தான். அவன் மேல் கிடப்பது யார் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கம்பி கீழே விழுந்தது. அந்தப் பெண் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ரொட்டிக்கடை ஆட்கள் படியேறி வந்தார்கள். பிறகு போலீஸ் வந்தது.

அவனை உள்ளே வைத்திருக்கிறார்கள். எத்தனை நாளைக்கோ! அந்தப் பெண்ணை நான் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். எங்கே என்று அக்காவிடமும் சொல்லவில்லை. அவள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கோபத்தோடுதான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

அக்காவின் தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். நேற்று என் இரண்டு கைகளையும் பிடித்து, கும்பிடுவதுபோலச் சேர்த்து வைத்தாள். பிறகு வெந்த கையைக் குறிப்பதுபோலத் தன் உள்ளங்கையைத் தொட்டாள். அந்தப் பெண்ணுக்காக ஜெபம் பண்ணச் சொல்கிறாள். தன்னால் முடியாதே.

"எனக்கு இதெல்லாம் வராதுக்கா."

கையை விடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்கு வழிந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை, வார்டுக் கதவைப் பார்த்தபடியே சொன்னேன். "ஆண்டவரே, அந்தப் பொண்ணு யாருன்னு உங்களுக்குத் தெரியும். எங்க இருக்கான்னும் தெரியும். பாத்துக்குங்க."

அவ்வளவுதான் எனக்கு வந்தது. அக்கா ஆமென் சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தாள். கம்பி விடவில்லை. அவளுக்கும் சேர்த்து நானே சொன்னேன்.