வல்லாரை இலைக்குக் கீழே பாண்

வத்தேகமவிலிருந்து காலை ஆறு இருபதுக்குக் கிளம்பும் கண்டி பஸ் யாருக்காகவும் காத்திருக்காது. றிப்தாவுக்காக மட்டும் அரை நிமிடம் தாமதிக்கும். தாமதிக்காவிட்டால் ஒரு கையில் செருப்பும் மறு கையில் சாப்பாட்டுப் பையுமாக அவள் பின்னாலேயே ஓடிவந்து ஏறி, கண்டி வரைக்கும் சாரதியின் காதருகில் நின்று மூச்சு வாங்குவாள். அந்த மனுஷன் அதை ஒருமுறை அனுபவித்துவிட்டார்.

கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் அவளுக்கு எழுதுவினைஞர் உத்தியோகம். வீடு திரும்ப மாலை ஆறு மணியாகிவிடும். கணவன் நளீருக்கு வத்தேகம சந்தைக்குப் பக்கத்தில் ஹாட்வெயார் கடை. ஒரே மகள் ஸனா தரம் நான்கில் படிக்கிறாள். இவ்வளவுக்கும் நடுவில் சமையல் என்பது றிப்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடக்கும் யுத்தம். ஒரு கிழமைக்கான தேங்காயை அன்றைக்கே துருவி, உருண்டை பிடித்து, பழைய ஐஸ்கிறீம் பெட்டிகளில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்துவிடுவாள். ஐஸ்கிறீம் என்று நம்பித் திறந்து, தேங்காயைப் பார்த்து முகம் வாடுவதை ஸனா இன்னும் விடவில்லை. அவ்வளவு நல்ல நம்பிக்கை அந்தப் பிள்ளைக்கு.

கஷ்டமெல்லாம் பாடசாலைச் சாப்பாட்டில்தான். வகுப்பாசிரியை சரோஜினிதேவி டீச்சர் வருடத் தொடக்கத்திலேயே ஓர் உணவு அட்டவணையை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். திங்கள் சோறும் கீரையும், செவ்வாய் பயறு, புதன் பிட்டு என்று அது போகும். அடியில் சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு, ‘பாண் கொண்டுவரக் கூடாது’ என்று எழுதியிருந்தது. றிப்தா அதைப் பக்தியோடு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள். ஒட்டிவைத்துவிட்டு ஐந்து நாளும் பேக்கரிப் பாண்தான் அனுப்பினாள். காலை ஐந்தரைக்கு எழும்பும் ஒருத்தி பயறு அவிப்பதா, பஸ்ஸைப் பிடிப்பதா? உறைந்த தேங்காய் உருண்டையைச் சூடான தாச்சிச் சட்டியில் போட்டு இளக்கி, சுட்ட செத்தல் மிளகாய், மாசிக் கருவாடு, வெங்காயத்தோடு இடித்து, தேசிக்காய் பிழிந்து ஒரு சம்பல். அதைப் பாணுக்குள் வைத்து, பெட்டிக்குள் அடுக்கி, மேலே நாலு வல்லாரை இலையைப் போர்த்திவிடுவாள். டீச்சர் எட்டிப் பார்த்தால் பச்சை தெரிய வேண்டும். அரசாங்க உத்தியோகத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

ஆனாலும் மனம் கேட்காது. கந்தோரில் மற்றப் பெண்கள் பிள்ளைகளுக்கு என்னென்ன செய்து கொடுத்தோம் என்று பேசத் தொடங்கினால் றிப்தா எழுந்து கோப்புத் தேடப் போய்விடுவாள். தான் ஒரு நல்ல உம்மா இல்லையோ என்கிற நினைப்பு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அவளுக்கு வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை கந்தோரில் இருந்தபோது டீச்சரின் அழைப்பு வந்தது. வல்லாரைக்குக் கீழே கை வைத்துவிட்டார் என்று நினைத்தாள் றிப்தா.

“மிஸிஸ் நளீர், இந்தத் தவணையில சாப்பாட்டுக்கு முதலாம் இடம் உங்கட ஸனாவுக்குத்தான்,” என்றார் டீச்சர். “நீங்கள் வேலைக்கும் போய்க்கொண்டு எப்பிடி இவ்வளவும் செய்யிறீங்கள் எண்டு எங்களுக்கு ஆச்சரியம். வாற சனிக்கிழமை சத்துணவு நாள். மற்றத் தாய்மாருக்கு நீங்கள்தான் செய்து காட்ட வேணும். ஓமெண்டு சொல்லுங்கோ.”

யோசிக்க வேண்டிய இடம் இதுதான். றிப்தா யோசிக்கவில்லை. புகழ்ச்சிக்கு அவ்வளவு பட்டினி கிடந்த மனம். வல்லாரை இலைக்கு இவ்வளவு சத்தா என்று மட்டும் ஒரு கணம் வியந்துவிட்டு, “ஓ டீச்சர், வாறேன்,” என்றாள். ஐந்து நிமிடத்தில் கந்தோர் முழுக்கச் செய்தி தெரிந்தது. பத்தாவது நிமிடம் அக்குறணையிலிருக்கும் மாமியாருக்கும் தெரிந்தது. மாமியாருக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி.

மாலையில் வீட்டுக்கு வந்தவள் தலைகால் புரியாமல் மகளைக் கட்டிப்பிடித்தாள். ஸனாவோ மரக்கட்டை மாதிரி நின்றாள்.

“என்னா புள்ள, சந்தோஷம் இல்லையா?”

“உம்மா, டீச்சர் பாத்தது ஒங்கட சாப்பாடு இல்ல.”

“பொறகு?”

“சிந்துஜாட உம்மாட சாப்பாடு. நான் அவட பெட்டியத் திம்பேன். அவ என்ட பெட்டியத் திம்பா. மொதலாந் தவணைல இருந்தே மாத்தித்தான் திங்கிறோம்.”

சிந்துஜா ஸனாவுக்குப் பக்கத்துக் கதிரை. அவளுடைய தாயின் பெயர் மதனி; யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவள், பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. கீரைப் பிட்டு, பயற்றங்கஞ்சி, உழுத்தங்களி என்று விடிய நாலு மணிக்கே எழும்பி நாளுக்கொன்றாகக் கட்டிக் கொடுக்கிறாளாம். ஆறு மாதமாக றிப்தாவின் பிள்ளையை வளர்த்தது அந்தக் கீரைப் பிட்டு.

றிப்தா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெல்லக் கேட்டாள். “அப்ப அந்தப் புள்ள என்ட பாண குப்பையில போடுறாளா?”

“இல்ல உம்மா. வெரலயும் நக்குறா.”

பொய் என்றே றிப்தா நினைத்தாள். உம்மாவின் மனம் நோகக்கூடாது என்று பிள்ளை சொல்கிற பொய்.

கடையிலிருந்து வந்த நளீர் கதையைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தான். “டீச்சருக்கு இப்பவே போன் எடுத்து உண்மையச் சொல்லு. முடிஞ்சு போச்சு.”

“ஒங்கட உம்மாக்கு யாரு சொல்ற?”

நளீரின் சிரிப்பு நின்றது. அவனுக்கும் உம்மாவைத் தெரியும்.

ஆக, வேறு வழியில்லை. சனிக்கிழமைக்குள் கீரைப் பிட்டுப் பழக வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது தாய்மாருக்கு முன்னால் மானம் போகும். அதைவிட, கள்ளச் சாப்பாட்டுக்காரி என்று வகுப்பெல்லாம் ஸனாவைச் சொல்லும். புதன்கிழமை அவித்த பிட்டு கூழாக வந்தது. வியாழக்கிழமைப் பிட்டு குழலை விட்டு வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. நளீர் கடையிலிருந்து சுத்தியல் கொண்டுவந்து தட்டி எடுத்தான். வெள்ளிக்கிழமைப் பிட்டு வடிவாகத்தான் வந்தது, ஆனால் பல் இறங்கவில்லை.

“றிப்தா, இந்தப் பிட்டக் கடைக்கு அனுப்பு,” என்றான் நளீர், துண்டொன்றைக் கையில் வைத்து எடை பார்த்தபடி. “கம்பெனிக்காரன் அஞ்சு நாளா சீமெந்து தரல்ல.”

அவள் அழுதுவிட்டாள். கேலிக்காக அழவில்லை. அந்த மதனியும் வேலைக்குப் போகிறவள்தானே, அவளுக்கு மட்டும் எப்படி முடிகிறது என்று நினைத்து அழுதாள். நளீர் அந்தச் சீமெந்தில் இரண்டு துண்டை வாழைப்பழத்தோடு பிசைந்து விழுங்கினான். நல்ல மனுஷன்.

சனிக்கிழமை காலை பாடசாலை மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்குக் கீழே ஒரு மேசை, அதன்மேல் காஸ் அடுப்பு. முன்வரிசையில், நேர் எதிரே, கண்ணாடி போட்ட மெலிந்த பெண் ஒருத்தி. மடியில் சிந்துஜா. பேராதனைக்காரிக்குச் சனிக்கிழமையும் வேலை இருக்கும், வரமாட்டாள் என்று றிப்தா கட்டியிருந்த கோட்டை அங்கேயே சரிந்தது.

சரோஜினிதேவி டீச்சர் ஒலிவாங்கியைத் தட்டினார். “நேரமில்லை எண்டு சொல்லுற தாய்மாருக்கு இவ ஒரு நல்ல பாடம்,” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். மதனியும் தட்டினாள். ஸனா நிலத்தைப் பார்த்தாள்.

றிப்தா மாவைக் கிண்ணத்தில் கொட்டினாள். கொண்டுவந்த பெட்டியைத் திறந்து தேங்காயை எடுத்தாள். அவசரத்தில் காலையில் வெளியே எடுத்துவைக்க மறந்திருந்தாள். உருண்டை மேசையில் டொக்கென்று விழுந்து உருண்டோடியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரித்தது யாரென்று அவள் நிமிர்ந்து பார்த்ததில், ஒரு கோப்பைச் சுடுதண்ணீரும் ஒரேயடியாக மாவுக்குள் போய்விட்டது.

முன்வரிசையில் இருந்த மதனிக்குப் பொறுக்கவில்லை. சிந்துஜாவை இறக்கிவிட்டு நேரே மேசைக்கு வந்துவிட்டாள்.

“தண்ணி கூடிப்போச்சு. விடுங்கோ, நான் பாக்கிறன்,” என்று கையைக் கிண்ணத்துக்குள் விட்டாள். உலர்ந்த மாவை மேலே தூவி, விரல் நுனியால் அளைந்தாள். களி கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது.

றிப்தா குனிந்து, பக்கத்தில் நிற்பவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். “மதனி, எனக்கு இது செய்யத் தெரியா. ஸனா கொண்டு போனது எல்லாம் நீங்க செஞ்சது. ரெண்டு பேரும் பெட்டிய மாத்தித்தான் திண்டீக்கிறாங்க. எனக்கே செவ்வாய்க்கிழமதான் தெரியும். அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க.”

மதனி அளைவதை நிறுத்தவில்லை. “எனக்கு மாசி மாசமே தெரியும்,” என்றாள்.

“என்னா?”

“நான் சம்பல் கட்டிக் குடுக்கிறேல்லை. இவள் அடிக்கடி வெள்ளைச் சட்டையில சம்பல் கறையோட வந்தா எனக்குத் தெரியாதே? ஆனா நான் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டா மாத்துறதை விட்டிடுவாளவை.” மதனியின் குரல் இறங்கியது. “இஞ்ச மாறி வந்த நாள் தொடக்கம் இவள் பள்ளிக்கூடத்தில ஒரு வாய் சாப்பிட்டதில்லை. நான் கட்டிக் குடுக்கிறது அப்பிடியே திரும்பி வரும். பிள்ளை எலும்பாப் போனாள். உங்கட சாப்பாடு கிடைச்ச பிறகுதான் முகத்தில கொஞ்சம் சதை வைச்சது.”

“அப்ப, அவ தின்ன மாட்டாள்னு தெரிஞ்சும் நீங்க விடிய நாலு மணிக்கு எழும்பி…”

“ஸனா சாப்பிடுறாள் எல்லே. அவளுக்குக் கீரை விருப்பம் எண்டு இவள் சொன்னாள். அதுக்குப் பிறகு கொஞ்சம் கூடவாப் போட்டன்.”

தன் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் பாராட்டாத அந்த அவசரச் சம்பலை, பசியில்லாமல் கிடந்த ஒரு பிள்ளை ஆறு மாதமாக விரல் நக்கித் தின்றிருக்கிறது. தன் பிள்ளைக்காக முகந்தெரியாத ஒருத்தி விடியலில் எழும்பி மா வறுத்திருக்கிறாள். பஸ்ஸில் நின்று தன்னைத்தானே திட்டித் தீர்த்த காலைகளை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகவும் ஆறுதலாகவும் இருந்தது.

“ஒண்டு மட்டும் சொல்லுங்கோ,” என்றாள் மதனி. “நானும் அந்தச் சம்பலை எத்தினை தரம் செய்து பாத்தன். புதுத் தேங்காய், நல்ல மாசி. இவள் ‘இது இல்லை’ எண்டு தள்ளிப்போடுறாள். என்ன போடுறீங்கள்?”

றிப்தா மேசையில் கிடந்த உருண்டையைத் திரும்பிப் பார்த்தாள். “தேங்கா துருவ நேரமில்ல. இத ஐஸோட தாச்சியில போட்டு இளக்குவேன். பஸ்ஸுக்கு லேட்டாகினா கொஞ்சம் சிவந்து போகும்.”

“சிவக்கிறதோ!” மதனி நெற்றியில் மாக்கையால் அடித்துக்கொண்டாள்.

அந்தச் சத்தம் மேசையருகே இருந்த ஒலிவாங்கியில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. “என்ன அங்க நடக்குது?” என்று டீச்சர் கிட்ட வந்தார். இனி மறைப்பதில் என்ன இருக்கிறது? றிப்தா நிமிர்ந்து நின்றாள்.

“டீச்சர், இந்தப் பிட்டு மதனியோட. ஸனாக்குக் கெடச்ச பரிசும் அவங்களோட. நான் அனுப்பினது பாணும் சம்பலும்.”

“பாணோ!” டீச்சரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. “சிந்துஜாவின்ர பெட்டியில வல்லாரையெல்லே கண்டனான்?”

“பாண் அதுக்குக் கீழ, டீச்சர்.”

பிறகு கதவடியில் நின்ற ஒரு தாய் மெல்லக் கை உயர்த்தினாள். “நான் நூடில்ஸுக்கு மேல கீரைய வைக்கிறேங்க டீச்சர்.” அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கை உயர்ந்தது. டீச்சர் எண்ணத் தொடங்கி, பதினேழில் விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

சிரிப்பு அடங்குமுன் றிப்தாவுக்கு ஒரு பயம் பிடித்தது. மதனி வீடு சைவ சமயம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள். சம்பலிலோ தினமும் மாசி. ஆறு மாதத்து வெள்ளிக்கிழமை எல்லாம் அந்தப் பிள்ளைக்கு நான் மீன் ஊட்டியிருக்கிறேனா? மதனியின் முகத்திலும் அதே கணக்கு ஓடியது. இருவரும் ஒரே நேரத்தில் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள்.

“வெள்ளிக்கிழமையும் மாத்தினீங்களோடி?” என்றாள் மதனி.

“இல்லை அம்மா,” என்றாள் சிந்துஜா. “வெள்ளிக்கிழமை சம்பலில மாசி இருக்கெண்டு ஸனா தர மாட்டாள். நான் கேட்டாலும் தர மாட்டாள்.”

யாரும் சொல்லிக் கொடுக்காமல் பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொண்ட சட்டம். மதனி ஸனாவின் தலையில் கை வைத்தாள். றிப்தாவுக்குக் கண் கலங்கியது. மகளைக் கிட்ட இழுத்து, “அப்ப வெள்ளிக்கிழமையில நீ என்னா தின்ன, தங்கம்?” என்று கேட்டாள்.

ஸனா ஒரு நீண்ட பெருமூச்சு விட்டாள். மண்டபத்திலிருந்த நாற்பது தாய்மாருக்கும் கேட்டது.

“ஒங்கட பாணத்தான் உம்மா. என்னா செய்ய, சிந்துஜாக்காகப் பொறுத்துக்கிட்டேன்.”