துணிக்கடை வாரிசின் விண்ணப்பம்

சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்வதில் மேற்படிப்பு ஒன்று இருக்கிறது என்பதே அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்ததும், இதைப் படிக்கவா கடல் தாண்டிப் போக வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டார். நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவர் கவலை. அந்த நாலு பேரை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்த வீட்டில் எல்லாம் அவர்களைக் கேட்டுத்தான் நடந்தது.

தங்கைக்கு முப்பத்து மூன்று வயது. நகரத்துக் கழிவுநீரெல்லாம் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில் பத்து வருடமாக ஆய்வக வேலை. எந்நேரமும் கையில் கண்ணாடி ஜாடியோடு தொட்டிக்குத் தொட்டி அலைவதால் அங்கே அவளுக்கு ஜாடியக்கா என்று பெயர். நுரை கட்டினாலும் சரி, கசடு அடியில் படியாமல் மிதந்தாலும் சரி, இன்ஜினியர் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். ஏன் மிதக்கிறது என்று கேட்டால் மட்டும் அவளுக்குப் பாதிதான் தெரியும். அந்த மீதிப் பாதி அவளைத் தூங்க விடவில்லை. மூன்று மாதம் தேடி, நாற்பது பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தை வரி வரியாகப் படித்து, ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

விண்ணப்பம் போடுவதற்கு ஒரு ஏஜென்சி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் பெயரில் மின்னஞ்சல் முகவரியை அவர்களே தொடங்குவார்கள், கடவுச்சொல்லையும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். ஏன் படிக்க ஆசைப்படுகிறேன் என்ற கட்டுரையையும் அவர்களே எழுதிவிடுவார்கள்.

"நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க மேடம், மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றார் ஏஜென்ட்.

எல்லோரும் போடுகிறார்கள் என்று இவளும் போட்டாள். பத்து வருடமாக ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட அடுத்தவர் பேச்சை நம்பிப் பதிவு செய்யாதவள், தன் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு அவளைத் திட்டத்தான் வேண்டும்.

ஆறு வாரமாகப் பதில் இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் சொந்த முகவரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்டாள். மறுநாளே பதில் வந்தது. நேர்காணலுக்கு உங்களை அழைத்தோம், விலகிக்கொள்வதாக நீங்களே எழுதியிருந்தீர்கள், அது தவறு என்றால் நாளை காலை பதினொரு மணிக்குக் கணினி வழியே கடைசி நேர்காணல் என்றது அது.

விலகவில்லை, வருகிறேன் என்று உடனே பதில் போட்டாள். நேரே ஏஜென்சிக்குப் போய் நின்றாள். ஏஜென்ட் உண்மையைக் கக்கினார்.

"உங்க அண்ணன்தான் மேடம்... அது வேண்டாம்னு எழுதிட்டு மேனேஜ்மென்ட் கோர்சுக்குப் போடச் சொன்னாரு. உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்."

வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு வேண்டாம்னு என் பேர்ல எழுத நீங்க யாருண்ணே?"

"உன் நல்லதுக்குத்தாம்மா. மேனேஜ்மென்ட்னா சொல்லிக்கிற மாதிரி இருக்கும்."

"யார்கிட்ட சொல்லிக்க?"

அண்ணன் வெளியே கிளம்பச் செருப்பைத் தேடினார். சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்து, "கேக்கறாள்ல, சொல்லுங்க" என்றாள். அண்ணிக்கு இப்படிச் சில நல்ல நாள் வாய்க்கும்.

மறுநாள் ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். பக்கத்து அறையில் தொட்டிக்குக் காற்றடிக்கும் இயந்திரம் அலறியது. திரையில் ஒரு பேராசிரியையும் இன்னொருவரும் இருந்தார்கள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். அவளுடையது வேலைக்கு வந்த பிறகு கற்ற ஆங்கிலம், அங்கங்கே தடுமாறும்.

"உங்க கட்டுரையப் படிச்சேன்" என்றார் பேராசிரியை. "அப்பாவோட துணிக்கடைய பெருசாக்கத்தான் படிக்க வர்றதா எழுதியிருக்கீங்க. துணிக்கடைக்கும் சாக்கடைக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவளுடைய அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரோ ஒரு துணிக்கடை வாரிசின் கட்டுரையில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார் ஏஜென்ட். சாயக் கழிவு, அது இது என்று எதையாவது அடித்துவிட்டுத் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

"அது நான் எழுதினது இல்ல. எங்களுக்குத் துணிக்கடையும் இல்ல. படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு. ஆனா, வரலைன்னு எழுதினதும் நான் இல்ல."

"இதச் சொன்னதுக்கே உங்க விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம், தெரியுமா?"

"தெரியும். எடம் கெடச்சா எனக்குக் கெடைக்கணும். துணிக்கடைக்காரருக்கு வேண்டாம்."

பேராசிரியை சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்தவரோடு ஏதோ முணுமுணுத்தார். "உங்க பத்து வருஷ வேலையப் பாத்துத்தான் கூப்பிட்டோம். உங்க நேரத்துக்கு இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கட்டுரைய நீங்களே எழுதி அனுப்புங்க. எடம் உண்டுன்னு இப்ப சொல்ல முடியாது."

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து எழுதினாள். ஒரு மழை நாளில் தொட்டி பொங்கி, கீழ்ப்பக்கத் தெருக்கள் முழுக்க நாறியதை எழுதினாள். காரணம் புரியாமல் மூன்று நாள் திருதிருவென்று விழித்ததையும், அங்கே குடியிருந்தவர்கள் முகத்தில் விழிக்கக் கூசியதையும் எழுதினாள். அழகான கட்டுரை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அண்ணன் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். குரல் இறங்கித்தான் இருந்தது.

"என்ன எழுதியிருக்கே, காட்டு. தப்பு கிப்பு இருந்தா திருத்தித் தர்றேன்."

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"அனுப்பியாச்சுண்ணே."

"ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? கெடைக்கலைன்னா என்ன பண்ணுவே?"

"அடுத்த வருஷமும் நானே எழுதுவேன்."