ஐஸில் வைத்த குப்பி

யாரையும் நம்பாதது என் பிறவிக் குணம். பள்ளுருத்தி இறால் ஷெட்டில் பதினெட்டு வருஷம் செம்மீன் உரித்ததில் அது இன்னும் முற்றிவிட்டது. அங்கே நல்ல செம்மீனெல்லாம் ஐஸில் ஏறிக் கப்பலுக்குப் போகும். தலையும் ஓடும்தான் எங்களுக்கு. எதையாவது ஐஸில் வைத்தால் அது விற்கிற சரக்கு என்று கண் பழகிவிட்டது.

2003இல் என் வீட்டுக்காரர் சங்கரலிங்கத்துக்குக் கிட்னியில் புற்றுக் கட்டி. நகரசபைக் குப்பை வண்டி ஓட்டுகிறவர். யார் சிரித்துப் பேசினாலும் நம்பிவிடுவார். மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரி டாக்டர் புதுசாக ஒரு ஊசி ஆராய்ச்சியைச் சொன்னார். புற்று செல்லின் மேல் ஆன்டிஜென் என்று ஒரு அடையாளம் இருக்குமாம். இவர் கட்டியிலிருந்தே மருந்து செய்து போட்டால், உடம்பு அந்த அடையாளத்தைக் கண்டுபிடித்து, ஒளிந்திருக்கும் செல்லைத் தேடிக் கொல்லுமாம். அடையாளம் இருந்தால்தான் ஊசி. எல்லாம் இலவசம் என்றார்.

"சும்மா எவன் குடுப்பான்? இதுல ஏதோ களவாணித்தனம் இருக்கு" என்றேன் இவரிடம். இவர் சிரித்தார்.

ஆபரேஷன் முடிந்ததும், அங்கே வழக்கப்படி, அறுத்ததை வீட்டாள் கையிலேயே கொடுத்து காக்கநாட்டு லேபுக்கு அனுப்பினார்கள். இரண்டு குப்பி. ஒன்றில், அழுகாமல் வைக்கிற பார்மலின் திரவத்தில் ஒரு துண்டு, அடையாளம் பார்ப்பதற்கு. மற்றது ஐஸ் பெட்டியில், மருந்து செய்வதற்கு. அதைத் திறக்கவே கூடாது என்று நர்ஸ் மூன்று தடவை சொன்னாள். அவ்வளவு சொன்னால் சந்தேகம் வராதா?

ஆட்டோ பாதி வழி போவதற்குள் முடிவு செய்துவிட்டேன். டெஸ்டுக்கு ஒரு குப்பி போதும். இன்னொன்றை எந்த நாட்டுக்கோ விற்கப் போகிறார்கள். என் புருஷன் சதையில் எவனும் சம்பாதிக்க வேண்டாம். விலை போகாதபடி, பார்மலினில் பாதியை ஐஸ் குப்பியில் ஊற்றி இறுக்கி மூடினேன். கண் எரிந்தது. மனசு குளிர்ந்தது.

நாலாம் நாள் டாக்டர் இவர் கட்டிலருகே வந்தார். கூடவே லேபில் வேலை செய்யும் அம்பிளி, அழுது வீங்கிய முகத்தோடு.

"சங்கரலிங்கம் சேட்டா, அடையாளம் நல்லா இருக்கு. ஊசிக்கு ஏத்த ஆளுதான். ஆனா உயிரோட செல் வேணும். ஐஸ் குப்பியில எல்லாம் செத்துப்போச்சு. யாரோ பார்மலின் ஊத்தியிருக்காங்க."

"ஞான் அல்ல சார்" என்றாள் அம்பிளி.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீரலட்சுமி, நீ அன்னைக்கே சொன்ன. நாந்தான் கேக்கல."

வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடும் என்று புரிந்தது. "நாந்தான் ஊத்துனேன்" என்றேன். இவர் கையை விட்டுவிட்டார்.

"இன்னொரு துண்டு எடுங்க சார், உள்ள எங்கயாவது மிச்சம் இருக்கும்" என்று டாக்டரிடம் கெஞ்சினேன்.

"கண்ணுக்குத் தெரிஞ்சது பூரா எடுத்தாச்சு. எடுத்தது முழுக்க அந்த ரெண்டு குப்பியிலதான் இருந்தது. இனி கட்டி திரும்பி வந்தாத்தான் மருந்து செய்ய முடியும்."

"வருமா சார்?" என்றார் இவர். பயந்து கேட்டாரா, ஆசைப்பட்டுக் கேட்டாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.