பூஜ்யத்துக்கு அடுத்த நாலு பைட்

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. அக்கா அங்கேதான் கணினியை வைத்து வேலை செய்வாள். அவள் கணவர், என் மாமா, கால்நடை மருத்துவர். துடுப்பு கிழிந்து வந்த கடலாமை ஒன்றைத் தேற்றி, ஓட்டில் ஆழத்தை அளந்து அனுப்பும் ஒரு கருவியை ஒட்டி, கடலில் விட்டிருந்தார். செல்லப்பெயர் மகாராணி. அது உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கதை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கடல் எதையும் மறப்பதில்லை, ஆனால்

(அடித்துவிட்டேன். கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.)

2

கருவி அனுப்பியது வெறும் பைட்டுகள். இது எழுத்து, இது எண் என்று நடுவில் வேலி கிடையாது. எங்கே தொடங்குவது, எத்தனை எடுப்பது, என்னவாகப் பார்ப்பது எல்லாம் படிப்பவர் பொறுப்பு. அக்கா கணினிக்கு சி நிரல்மொழியில் சொன்னாள்: முதல் பைட் ஓர் எழுத்து, அடுத்த நாலும் சேர்ந்து ஆழம், தசம எண்.

திரையில் வந்தது மைனஸ் பதின்மூன்று கோடி மீட்டர்.

"மைனஸ் ஆழம்னா உயரம்தானே?" என்றார் மாமா. "பறக்குதா?"

"நிலாவுக்கு மூணுல ஒரு பங்கு தூரம் போயிட்டா."

"நான் துடுப்பத்தான் தச்சேன். றெக்கை வைக்கலையே."

3

(இங்கே மாமாவை அழவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.)

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். எண் நாலின் மடங்கான இடத்தில் தொடங்கட்டும் என்று, எழுத்துக்குப் பின்னால் கருவி மூன்று பைட்டைச் சும்மா விட்டிருந்தது.

"காலி இடத்தையும் சேத்து வாசிச்சிருக்கேன்."

மூன்றைத் தாண்டி எடுத்தாள். பன்னிரண்டு மீட்டர் சொச்சம். அடுத்தது நாலு. அடுத்தது பூஜ்யம்.

பிஸ்கட் டீக்குள் இருக்க, மாமாவின் கை நின்றது.

"மூச்சு வாங்க மேல வந்திருக்கா." கொஞ்சம் கழித்து, "செத்தாலும் மிதக்கும்."

4

இந்த இடத்தில் முடித்திருந்தேன். இலக்கியத்துக்கு நல்ல இடம். அக்கா வரைவைப் படித்தாள்.

"ஏன்டா, மகாராணி எப்பவோ மூச்சு வாங்கிட்டுத் திரும்ப முங்கிட்டா. நீ ஏன் இன்னும் மேலயே வச்சிருக்க?"

"படிக்கிறவங்க யோசிக்கட்டும்னு."

"அதுவரைக்கும் உங்க மாமா பிஸ்கட்ட முக்கினபடியே உக்காந்திருக்கணுமா?"

5

அடுத்த நாலு பைட் இதோ:

(  ) (  ) (  ) (  )

உங்களிடம் விடுகிறேன். எந்த ஆழம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பூஜ்யம் வேண்டாம். மைனஸும் வேண்டாம்.

கொஞ்சம் சீக்கிரம். பிஸ்கட் ஊறிக்கொண்டிருக்கிறது.