அசையாத கறுப்புப் பொட்டு

அப்பாவுக்கு வீம்பு ஜாஸ்தி. அதுவும் மை விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர்; நகக்கண்ணில் கறுப்பு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் குட்டியும் வகுப்பில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். கறுப்பு மைக்குள் ஒளிந்திருக்கும் நிறங்களை யார் பிரித்துக் காட்டுவீர்கள் என்று டீச்சர் கேட்டதும், "எங்கப்பா பிரஸ்ல இருக்காரு டீச்சர், நான் செஞ்சுட்டு வரேன்" என்று எழுந்து நின்றுவிட்டாள். நாளைக்கு வெறுங்கையோடு போனால் மானம் கப்பலேறிவிடும்.

இத்தனைக்கும் வேலை ரொம்பச் சின்னது. தண்ணீரை உறிஞ்சுகிற தாளில் ஒரு பட்டை வெட்டி, கீழே கொஞ்சம் இடம் விட்டு ஸ்கெட்ச் பேனாவால் பொட்டு வைக்க வேண்டும். பொட்டு நனையக் கூடாது, பட்டையின் நுனி மட்டும் தண்ணீரில் நிற்க வேண்டும். மேலே ஏறுகிற தண்ணீர் நிறங்களையும் இழுத்துக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பல் தேய்க்கும்போதே குட்டி இதை ஒப்பித்துவிட்டாள்.

"ஸ்கெட்ச் பேனாவா? அதெல்லாம் ஒரு மையா? அப்பா நேத்தே பிரஸ்லேருந்து அசல் சரக்கு கொண்டு வந்திருக்கேன் பாரு!"

டப்பாவைத் திறந்தார். அச்சு மை, குழம்பாக மினுங்கியது. தாளும் லேசுப்பட்டதில்லை, புத்தக அட்டைக்குப் போடுகிற வழவழ தாள். பட்டை வெட்டி, பொட்டு வைத்து, தம்ளரில் நிறுத்தினார். இருவரும் பார்த்தார்கள், பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பொட்டு இம்மிகூட நகரவில்லை.

"அப்பா, டிஷ்யூ பேப்பர்ல வெச்சா..."

"சும்மா இரும்மா, வேலை ஓடுதில்ல."

எங்கே ஓடியது? மையை அதிகமாக்கினார், தண்ணீரை மாற்றினார், வெந்நீர் ஊற்றினார். மேஜையெல்லாம் ஈரம், அவர் சட்டையெல்லாம் கறுப்பு. சாயங்காலமும் ஆகிவிட்டது. குட்டிக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. நிறம் வராவிட்டால்கூடப் போகட்டும், இந்த மனுஷன் ஒரு தடவை காது கொடுத்துக் கேட்க மாட்டாரா?

"அவ என்னமோ சொல்றா, என்னன்னுதான் கேளுங்களேன்" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

"மையைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?"

போதுமடா சாமி! குட்டி விருட்டென்று அடுப்படிக்குள் போனாள். டிஷ்யூவைக் கிழித்தாள், ஸ்கெட்ச் பேனாவால் பொட்டு வைத்தாள், நுனியைத் தண்ணீரில் விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், கறுப்பு கரைந்து மஞ்சள், ரோஸ், நீலம் என்று மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மறுபடியும் வெந்நீருக்கு வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"அடடே! ஆமா, நம்ம மை எண்ணெயில குழைச்சதாச்சே, தண்ணியில எப்படிக் கரையும்? அந்தத் தாளும் தண்ணி குடிக்காது. தொட்டா ஓடுற இந்த மாதிரி மட்ட மைதான் இதுக்கு லாயக்கு." உற்சாகமாகத் தலையை ஆட்டிக்கொண்டார். "ஏன் குட்டி, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

குட்டி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னேன்பா. காலையிலேருந்து சொல்லிட்டேதான் இருக்கேன்."

"சொன்னாளா?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.