பிளம்ஸ் வேகும் பக்குவம்

காஜா முகைதீனும் அலிமா பீவியும் ஒரே வீட்டில் ஆறு வருடமாகப் பேசாமல் இருந்தார்கள். மேலப்பாளையத்தில் அந்தத் தெருவுக்கே அது தெரியும். காஜா காலையில் நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழம் எடுத்து, டவுண் வாகையடி முக்கில் தள்ளுவண்டி போட்டு, அந்தி மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு வீடு திரும்புவார். சோற்றுத் தட்டு மூடி வைத்திருக்கும். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர். பால் தீர்ந்தால், கேஸ் தீர்ந்தால் அலிமா அடுத்த வீட்டு சித்தி ஜனாபாவிடம் சொல்வாள். சித்தி ஜனாபா வாசலில் நின்று காஜாவிடம் சொல்வாள். சண்டை கிடையாது. கோபத்தில் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம்கூட அந்த வீட்டில் கேட்டதில்லை.

காரணம் அவர்களுடைய ஒரே மகள் ஃபர்ஹத். கலியாணமான இரண்டாம் வருடம், ஒருநாள் விடிந்தும் விடியாமலும் அவள் தென்காசிப் பக்கமிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். மாப்பிள்ளை அடிக்கிறான் என்றாள். அலிமா மகளை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். காஜா அன்று வண்டி போடவில்லை. மத்தியானச் சோறு முடிந்ததும் மகளைக் கிளம்பச் சொன்னார்.

"சின்னச் சண்டைக்கெல்லாம் பையத் தூக்கிட்டு வந்தா ஊர்ல நாலு பேரு என்ன பேசுவான்?"

அலிமா எவ்வளவோ மன்றாடினாள். அவர் கேட்கவில்லை. தானே கூடப் போய் மாப்பிள்ளை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். இரண்டு வாரம் கழித்து, மாப்பிள்ளை அடிக்கிற புகாரை அந்த ஊர் ஜமாஅத்தில் விசாரித்தபோதும் அதையே சொன்னார். பெண்ணின் தகப்பனே சின்னச் சண்டை என்று சொன்ன பிறகு, சேர்ந்து வாழுங்கள் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். மூன்றாம் மாதம் ஃபர்ஹத் யாரிடமும் சொல்லாமல் சென்னைக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு தையல் கம்பெனியில் வேலை. உம்மாவோடு மட்டும் ஃபோனில் பேசுவாள். மணவிலக்குக் கொடுக்க மாட்டேன் என்று மாப்பிள்ளை பிடிவாதமாக இருந்தான். அவளும் மனைவியாக இல்லாமல், விடுபட்டவளாகவும் இல்லாமல் அப்படியே இருந்தாள்.

மகளைக் கொண்டுபோய் விட்ட அன்றைக்கு நின்றதுதான் அலிமாவின் பேச்சு.

போன மார்ச்சில் அலிமா குளியலறையில் மயங்கி விழுந்தாள். சித்தி ஜனாபா சத்தம் போட்டு ஆட்டோ பிடித்து, காஜாவையும் வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கருப்பையில் புற்று, வெளியேயும் பரவியிருந்தது.

"எவ்வளவு நாளா ரத்தம் போகுது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எட்டு மாசமா."

"எட்டு மாசமா? வீட்டுக்காரர்கிட்ட சொல்லலையாம்மா?"

அலிமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா காஜாவைத் திரும்பிப் பார்த்தார். காஜா கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். எட்டு மாதமும் அவர் இரண்டு வேளை அவள் கையால் சாப்பிட்டிருக்கிறார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது எப்போது என்று அவருக்கு ஞாபகமில்லை.

கீமோ ஆரம்பித்த பிறகு அடுப்படி காஜாவிடம் வந்தது. சித்தி ஜனாபா குழம்பு கொண்டுவந்து தருவாள். ஆனால் தாளித்த வாடை பட்டாலே அலிமாவுக்குக் குமட்டியது. எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்று சித்தி ஜனாபாவிடம் சொல்லியிருந்தாள். கஞ்சி அப்படியே திரும்பி வந்தது. மே கடைசியில் கொடைக்கானல் பிளம்ஸ் மார்க்கெட்டுக்கு வந்தது. கருஞ்சிவப்பாக, நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக, தோலில் சாம்பல் பூத்த பழம். காஜா நல்லதாக நாலு பொறுக்கிக் கொண்டுவந்து கழுவிக் கட்டிலருகே வைத்தார். அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். உடனே முகம் சுருங்கியது. வாயெல்லாம் புண்ணாக இருந்ததில் அந்தப் புளிப்பு தீயாகப் பட்டுவிட்டது. ஆனாலும் அவள் துப்பவில்லை என்பதைக் காஜா பார்த்தார். வாயில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். அந்தப் பழத்தில் ஏதோ ஒரு ருசி அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

வேகவைத்தால் புளிப்பு மட்டுப்படும் என்று நினைத்தார். மறுநாள் ஒரு சட்டிப் பழத்தை முழுசு முழுசாகப் போட்டு, சீனி போட்டு, தண்ணீர் விட்டு வேகவைத்தார். தோல் வெடித்துச் சட்டி சிவந்தது. கரண்டியால் மசித்து, ஆறவைத்து, கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண்ணை மூடி விழுங்கினாள். இரண்டாவது கரண்டியும் இறங்கியது. காஜாவுக்கு நெஞ்சு லேசானது. மூன்றாவது கரண்டியில் பழத்தோடு கிடந்த கொட்டையைக் கடித்துவிட்டாள். ஈறு கிழிந்து உதட்டோரம் ரத்தம் வந்தது.

காஜா பதறிப்போய்த் துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அவள் துண்டை வாங்கி வாயில் ஒற்றினாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"கொட்டைய எடுத்துட்டுல்லா தரணும்."

குரல் கம்மிப்போயிருந்தது. காஜா அங்கேயே நின்றார். ஆறு வருடத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை.

"எடுக்கப் பாத்தேன். சதையோட ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது" என்றார் அவரும், நேற்று விட்ட பேச்சைத் தொடர்கிறவர் போல.

"பச்சையா எடுத்தா வராது. ரெண்டு கொதி வரட்டும். எறக்கி ஆறவச்சு, கைய விட்டுப் பைய பிதுக்குனா தன்னால வரும். சீனி வேண்டாம். கருப்பட்டி போடுங்க. ஒரு கல்லு உப்பு."

அடுத்த நாள் அப்படியே செய்தார். பிளம்ஸ் கொழகொழவென்று வெந்து, கருப்பட்டியோடு சேர்ந்து கருஞ்சிவப்பாக இறுகியது. அவள் அரைக் கிண்ணம் சாப்பிட்டாள். சுக்கு ஒரு துளி தட்டிப் போட்டிருக்கலாம் என்றாள். அதற்கு மறுநாள் சுக்குப் போட்டார். பச்சரிசிக் கஞ்சியில் அதை ஒரு கரண்டி விட்டுக் கலக்கினால் கஞ்சியும் இறங்கியது. ஜூன் முழுக்க அப்படிப் போயிற்று. காஜா வண்டியை மத்தியானத்தோடு மூடிவிட்டு வந்துவிடுவார். கட்டிலுக்குப் பக்கத்தில் சட்டியோடு உட்கார்ந்து, ஆறிய பழத்தில் கையை விட்டுக் கொட்டைகளை எடுப்பார். அவள் தலையணையில் சாய்ந்துகொண்டு, "அந்தா ஒண்ணு கெடக்கு பாருங்க" என்பாள். சித்தி ஜனாபா வாசலில் நின்று இவர்கள் பேசுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனாள்.

ஜூலை முதல் வாரத்தில் கொடைக்கானல் வரத்து நின்றது. வடக்கேயிருந்து பெரிய பிளம்ஸ் வந்தது. "பாக்கத்தான் மினுக்குது, புளிப்பே இல்ல" என்று அவள் ஒதுக்கிவிட்டாள். பீச் பழத்தைத் தோலுரித்து வேகவைத்துக் கொடுத்தார். அதற்கு எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விடச் சொன்னாள். அப்படி ஒரு மத்தியானம் பீச் பழத்தைக் கீறிக்கொண்டிருந்தபோது காஜா தலையைத் தூக்காமலே சொன்னார்:

"ஃபர்ஹத்த நான் அன்னைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கக் கூடாது, அலிமா."

அவள் தலையணையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"அவ கையில சூடு வச்சிருந்தான். அன்னைக்கு எங்கிட்டகூட அவ காட்டல. சென்னைக்குப் போனப்புறம் ஃபோன்லதான் சொன்னா" என்றாள் பிறகு. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ஆறு வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க அதப் பாத்தீங்களா?"

காஜாவின் கையில் கத்தி நின்றது. பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் நம்பியிருப்பாள், நம்பத்தான் விரும்பினாள்.

"பாத்தேன். பஸ்ல கம்பியப் பிடிச்சு ஏறும்போது கைய மூடியிருந்த துணி மேல ஏறுச்சு. வரிசையா மூணு எடத்துல."

"பாத்துட்டா ஏத்துனீங்க?"

"ஆமா."

"பக்கத்துலயே உக்காந்து போனீங்களே, அவ்வளவு தூரமும்?"

"ஆமா, அலிமா."

அவள் சத்தமில்லாமல் அழுதாள். அழவும் அவளுக்குத் தெம்பு இல்லை. நீர் மட்டும் காதுப்பக்கம் வழிந்தது. இத்தனை காலம், அந்த மனுஷனுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார் என்று ஒரு மூலையில் அவள் வைத்திருந்தது அன்றோடு போயிற்று. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்று நாள் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. காஜா வேகவைத்ததை எல்லாம் கொட்டினார்.

நாலாம் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள்.

"எங்கிட்ட சொன்னத ஜமாஅத்துல போய்ச் சொல்லுங்க. எம் புள்ளைக்கு ஒரு விடுதல வேணும். அத நான் கண்ணால பாக்கணும்."

அந்த வெள்ளிக்கிழமை காஜா வண்டி போடவில்லை. தனியாகப் பஸ் ஏறி மாப்பிள்ளை ஊருக்குப் போய், அந்த ஊர்ப் பள்ளியிலேயே ஜும்ஆ தொழுதார். தொழுகை முடிந்து ஜமாஅத்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் எழுந்து நின்றார். மாப்பிள்ளையின் அண்ணன்மாரும் அங்கே இருந்தார்கள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னால இங்கன நின்னு, சின்னச் சண்டைதான்னு நான் சொன்னேன். அது பொய். எம் மவ கையில இருந்த சூட்ட நான் என் கண்ணால பாத்தேன். பாத்துட்டுத்தான் திரும்பக் கொண்டாந்து விட்டேன்."

ஒரே கூச்சலாகிவிட்டது. அண்ணன்காரன் ஒருவன் சட்டையைப் பிடிக்க வந்தான். தலைவர் கையமர்த்தினார்.

"ஏன்வே, பெத்த தகப்பன் பேசுத பேச்சாவே இது? அன்னைக்கு ஏன் மறைச்சீரு?"

"ஊரு பேசும்னு பயந்தேன்."

"இன்னைக்கு மட்டும் பேசாதா?"

"பேசட்டும். எம் பொஞ்சாதி மவுத்தாகுத நெலமையில கெடக்கா. எம் மவ பாவம்."

யாரும் உட்காரச் சொல்லவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்து முடிவு சொல்வதாகத் தலைவர் சொன்னார். திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காஜா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதுவரை அலிமா மகளிடம் மறைத்திருந்த நோய்ச் சேதி சித்தி ஜனாபாவின் ஃபோனிலிருந்து போய், ஆகஸ்ட் தொடக்கத்தில் ஃபர்ஹத் வந்தாள். இப்போது முப்பது வயது. மெலிந்து, கண்ணாடி போட்டிருந்தாள். வாசலில் நின்ற வாப்பாவைத் தாண்டி நேரே உம்மாவிடம் போனாள். அலிமாவுக்கு அப்போது எதுவும் இறங்கவில்லை. டவுணில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் ஆல்பக்கோடா வாங்கிவந்திருந்தார் காஜா. அதுவும் பிளம்ஸ் ஜாதிதான், உலர்த்தியது. இரவே ஊறப்போட்டு, காலையில் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரைத்தான் கரண்டியால் நாக்கில் விட்டுக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் அதை வடிகட்டிக்கொண்டிருந்த மகளிடம் காஜா வந்து நின்றார்.

"ஃபர்ஹத், அன்னைக்கு நான் உன் கையப் பாத்தேன்மா."

அவள் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"தெரியும் வாப்பா. நீங்க பாத்தத நானும் பாத்தேன்."

காஜா கிண்ணத்தை எடுத்து அவள் பக்கம் வைத்தார்.

"உம்மாவுக்காகத்தான் வந்திருக்கேன்" என்றாள் அவள். "கரண்டிய எடுங்க. சூடு ஆறிப்போகும்."

பன்னிரண்டு நாள் இருவரும் மாறி மாறி அலிமாவின் பக்கத்தில் இருந்தார்கள். ஜமாஅத்திலிருந்து சேதி வந்ததா என்று அவள் தினமும் கேட்டாள். "வந்துரும்மா" என்றாள் ஃபர்ஹத். பதின்மூன்றாம் நாள் மத்தியானம் லுஹர் நேரத்தில், மகளின் மடியில் தலை இருக்க, காஜா வாயில் விட்ட தண்ணீர் கடைவாயில் வழிய, அலிமா பீவி மவுத்தானாள். அவள் பார்க்கவேண்டும் என்று சொன்னதைப் பார்க்கவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு முந்தைய வாரம்தான் ஜமாஅத்திலிருந்து கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை ஒருவழியாக இணங்கியிருந்தான். தகப்பனும் மகளும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அதே வழி, அதே ஊர். காஜா பக்கத்தில் உட்காராமல் பின் சீட்டில் உட்கார்ந்தார். பெண் கேட்டுப் பெறும் மணவிலக்கான குலா பத்திரத்தில் ஃபர்ஹத் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்து காஜா போட்டார். வெளியே வந்ததும் அவள் காகிதத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தாள். "உம்மா இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

நாற்பது முடிந்து சாயங்காலப் பஸ்ஸில் சென்னைக்குக் கிளம்பினாள். புது பஸ் ஸ்டாண்டு வரை காஜா பையைத் தூக்கி வந்தார். பஸ் புறப்பட இன்னும் நேரமிருந்தது.

"உங்கள மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல, வாப்பா" என்றாள். "சும்மா சொல்லவும் கூடாதுல்லா."

"சொல்ல வேண்டாம்மா. நீ நல்லா இரு."

"உங்க பிரஷர் மாத்திரைய நேரத்துக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். காஜா பஸ் வளைவைத் தாண்டும் வரை நின்றார்.

பிறகு அவள் ஃபோன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை. வண்டியில் சீத்தா வந்தது, கொய்யா வந்தது, ஆரஞ்சு வந்தது. சோறு அவரே பொங்கிக்கொண்டார். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் காலையில் பதினோரு மணிக்கு, வாகையடி முக்கில் ஒரு அம்மாவுக்கு ஆரஞ்சு நிறுத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

"வாப்பா, நாந்தான். பெருநாளைக்கு யாரு வீட்டுல சாப்பிட்டீங்க?"

"சித்தி ஜனாபா குடுத்துவிட்டாம்மா. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். சரி, வைக்கேன்."

அவ்வளவுதான். ஆரஞ்சு கேட்ட அம்மா, "என்ன பாய், நிறுத்தாச்சா?" என்று கேட்டாள். காஜா தராசைப் பார்த்தார். எண்கள் கலங்கித் தெரிந்தன. கையால் இன்னும் இரண்டு பழத்தை எடுத்துப் பையில் போட்டு அவளிடம் கொடுத்தார்.